பவுன் போட்ட சிவப்புப் பட்டை

பேர்தான் பவுன். நகை மேல் அவளுக்கு ஒரு துளி ஆசை கிடையாது. அவள் ஆசையெல்லாம் எக்ஸ்டென்ஷன் மேல்.

ஃபயர்ஃபாக்ஸ் என்கிற பிரௌசர் அப்போது புதுசு. இன்டர்நெட்டைத் திறந்து பார்க்கும் அந்த ஜன்னலின் மேல் நமக்கு வேண்டிய வசதிகளைச் சின்னச் சின்னதாக நாமே ஒட்டிக்கொள்ளலாம். அந்த ஒட்டுகளுக்குத்தான் எக்ஸ்டென்ஷன் என்று பேர். வெப்சைட் செய்கிறவர்களுக்கென்றே நிறைய இருந்தன. பக்கத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்க ஒன்று. எங்கேயோ கண்ட நிறத்தை மவுஸால் தொட்டால் அது என்ன நிறம் என்று சொல்ல ஒன்று. பக்கத்தைப் பிரித்து உள்ளே எழுதியிருப்பதை அங்கேயே மாற்றிப் பார்க்க ஒன்று. பெண்கள் ஸ்டிக்கர் பொட்டு சேர்ப்பதுபோல இவற்றையெல்லாம் பவுன் சேர்த்தாள். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்ப்பாள், கூட இருப்பவர்களிடம் காட்டுவாள், பிடிக்காததைத் தூக்கி எறிவாள்.

நான் மங்கையர்க்கரசி, கோயமுத்தூர்க்காரி. கல்யாணமாகி பூனாவில் பாணேருக்கு வந்து, நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், ஔந்தில் முரளி நடத்திய சின்ன வெப்சைட் கம்பெனியில் சேர்ந்தேன். கஸ்டமர்களிடம் பேசுவது என் வேலை. எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். அப்படிப்பட்டவளைக் கஸ்டமரோடு பேச வைத்த முரளியின் தைரியத்தை இன்றைக்கும் மெச்சுகிறேன்.

பவுன் எனக்கு முன்பே அங்கே சேர்ந்தவள். கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா கலியன் அங்கே வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குடும்பம் வேலூர்ப் பக்கமிருந்து பூனாவுக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. வீட்டில் தமிழ், தெருவில் மராட்டி, பஸ்ஸில் ஹிந்தி. என்னோடு பேசும்போது மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். ஆரம்பத்தில் எனக்குப் பாதி புரியாது. புரியாவிட்டால் எனக்குக் கோபம் வரும். "தமிழ்ல பேசு புள்ள" என்பேன். "தமிழ்தான்க்கா பேசறேன்" என்று அவள் சத்தியம் செய்வாள்.

வெப்சைட்டுகளில் போட்டோ ஏற்றுவதற்குத்தான் அவளைச் சேர்த்தார்கள். முன் ரூமில் தண்ணீர் கேன் பக்கத்தில் அவள் நாற்காலி, அதற்கு எதிரில் என்னுடையது. வெப்சைட்டை எழுதுகிறவர்கள் கண்ணாடிக் கதவுக்குள் உள் ரூமில் இருந்தார்கள். போட்டோ ஏற்றிய நேரம் போக, பவுன் ஒரு எக்ஸ்டென்ஷனை எடுத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அது சாதாரண ஜிப் ஃபைல்தான். உள்ளே இருந்ததும் வெப்சைட் எழுதுகிற அதே பாஷைதான். "அய்யே, இவ்ளோதானா" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள். அன்றிலிருந்து தானே சின்னச் சின்னதாக எழுத ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கம்ப்யூட்டர் வந்தால், புது ஆள் சேர்ந்தால், பவுனின் பிரௌசரை எக்ஸ்டென்ஷன்களோடு அப்படியே காப்பி எடுத்து அந்த மெஷினில் போட்டுவிடுவார்கள். ஒரு வீட்டு மோரை வாங்கித் தெரு முழுக்க உறை ஊற்றுகிற மாதிரிதான். எல்லோருடைய திரையும் ஒரே மாதிரி இருந்தால் வேலை சுலபம் என்பது முரளியின் கட்சி. "பவுன் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை சொல்வான். என் மெஷினிலும் அவளுடையதுதான். எனக்கு ஸ்கேல் எதற்கு, நிறம் எதற்கு என்று ஒருநாள் சத்தம் போட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

இரண்டாயிரத்தாறில் தீபாவளி மலர் வேலை வந்தது.

மராட்டிக்காரர்களுக்குத் தீபாவளி என்றால் நம் முறுக்கு மாதிரி சக்லியோடும் சோமாசு மாதிரி கரஞ்சியோடும் ஒரு மலரும் கையில் இருக்க வேண்டும். கதை, கவிதை, கட்டுரை என்று தலையணை கனத்துக்கு வரும். வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டையே நடக்கும். கோத்ரூடில் சுமன்தாய் என்ற அம்மாள் (மராட்டியில் தாய் என்றால் அக்கா) அப்படி ஒரு மலரைப் பல வருஷமாக நடத்தி வந்தார். முதல் தடவையாக அதை இன்டர்நெட்டிலும் போட ஆசைப்பட்டார். வாசகர்களின் பிள்ளைகள் பாதிப் பேர் அமெரிக்காவில். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ஒரு ஹாலில் வெளியீட்டு விழா. மேடையில் பெரிய திரையில் வெப்சைட் திறக்கும், அதே நிமிஷம் அமெரிக்காவிலும் திறக்கும் என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருந்தார். அந்த ஞாயிறை விட்டால் அடுத்த தீபாவளிதான்.

அந்த ஆபீஸில் மராட்டி சரளமாகப் படிக்கத் தெரிந்தவள் பவுன் ஒருத்திதான். அதனால் வேலையில் பாதி அவள் தலையில் விழுந்தது. முரளி அவளைக் கூப்பிட்டு, "இது நல்லபடியா போகட்டும், பவுன். திங்கக்கிழமை உன் நாற்காலிய உள்ள போட்டுடலாம்" என்றான். அவள் தலையாட்டிவிட்டு வந்து, தண்ணீர் கேனிலிருந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

சிக்கல் எழுத்தில் இருந்தது. சுமன்தாயின் அச்சகத்தில் பழைய ஃபாண்டில் டைப் செய்து கொடுப்பார்கள். அந்த ஃபாண்ட் இருக்கிற மெஷினில்தான் அது மராட்டியாகத் தெரியும். இல்லாத மெஷினில் கொம்பும் குறியுமாகக் கண்டதும் தெரியும். பாமினி ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் என்ற சொல் jkpo; என்று வந்து பல்லிளிக்குமே, அந்தக் கதைதான். வெளியே போவதற்கு முன் எல்லாக் கதைகளையும் எந்த மெஷினிலும் தெரிகிற பொது எழுத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஒரு புரோகிராம் எழுதும் வேலையை முரளி உள் ரூமில் இருந்த ஜானிடம் கொடுத்திருந்தான்.

அதுவரை கொம்பையும் குறியையும் பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. தலைப்பு எங்கே முடிகிறது, கவிதை எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. பவுன் பார்த்தாள். இந்தக் குறி வந்தால் இந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதினாள். பக்கம் திறந்ததும் நம் கண் முன்னாலேயே எல்லாம் மராட்டியாக மாறிவிடும். மாறுவது நம் திரையில் மட்டும்தான், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். ஆபீஸே கைதட்டியது. வழக்கப்படி அன்றைக்கே எல்லா மெஷினிலும் காப்பி ஆகிவிட்டது.

ஜான் கெட்டவன் இல்லை. நல்ல பையன், வேலைக்காரன். கதைகளையெல்லாம் ஏற்றித் திறந்து பார்த்திருக்கிறான். எல்லாம் அழகான மராட்டி. சரி, பவுனே மாற்றிக் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று தன் புரோகிராமை எழுதாமலே விட்டுவிட்டான். பவுன் திறந்து பார்த்தாள். எல்லாம் மராட்டி. ஜான் மாற்றிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மற்ற பிரௌசர்களில் பார்த்தார்களா என்றால் பார்த்தார்கள், ஆனால் அது கதைகள் வருவதற்கு முன்னால், இடத்தை நிரப்ப ஏதோ இங்கிலீஷ் எழுத்தைப் போட்டு. சனிக்கிழமை காலை நான் என் மெஷினில் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ரெடிங்க தாய்" என்று சுமன்தாய்க்குப் போன் போட்டேன். இந்த மாதிரி ஒரு தப்பை எங்களைப் போன்ற ஆட்களால்தான் செய்ய முடியும்.

சனிக்கிழமை பவுனுக்கு அரை நாள்தான். கட்கிக்குப் போனவள், மதியச் சாப்பாட்டுக்கு முன் அப்பாவை பஜாரில் இருக்கும் இர்பானின் சைபர் கஃபேக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கலியனுக்குத் தமிழில் அ, ஆ தெரியாது. முனிசிபாலிட்டி ஸ்கூலில் மராட்டி படித்தவர், தினமும் மராட்டி பேப்பர் படிக்கிறவர். மகள் செய்த மலரை ஊருக்கு முன் அவர் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை.

நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். இர்பான் நாற்காலி எடுத்துப் போட்டானாம். கலியன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாராம். பவுன் எங்களுக்கு மட்டும் தெரிந்த சோதனை முகவரியை அடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்ப்பதற்காகத் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"நல்லாதான் கீதும்மா" என்றார்.

"படிப்பா."

"படிச்சிட்டேன். ரொம்ப நல்லா கீது. கலரெல்லாம் ஜோரா கீது." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே எழுந்துவிட்டார். "வா, சோறு ஆறிப்பூடும்."

மனசுக்கு என்னவோ பட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். திரை முழுக்கக் கொம்பும் குறியும். ஒரு எழுத்து மராட்டி இல்லை.

"இதுவாப்பா நல்லா கீது? உன்னால படிக்க முடிஞ்சிதா?"

"கம்ப்யூட்டர் எழுத்து இப்டித்தான் இருக்கும்னு நெனச்சேன்மா" என்றாராம் அந்த மனுஷர். "நீ கஷ்டப்பட்டு செஞ்சது. நல்லா இல்லன்னு எப்டி சொல்றது?"

இர்பான் கடையிலிருந்தே எனக்குப் போன் செய்தாள். "அக்கா, போச்சுக்கா. எல்லாம் என் எக்ஸ்டென்ஷனால பாத்த வேஷம். அடியில ஒண்ணும் மாறல." எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்தபடி திட்டினேன். காலையில்தான் சுமன்தாயிடம் எல்லாம் ரெடி என்று சொன்னவள் நான். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "முரளி சார்ட்ட நீங்க சொல்றீங்களாக்கா?" என்றாள்.

"நீதான் சொல்லோணும்" என்றேன். "உன்ற வாயால சொன்னாத்தான் மரியாதை. கிளம்பி வா, நானும் கூட நிக்கறேன்." உள் ரூம் நாற்காலி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, பாவம்.

ஆபீஸுக்கு வந்தாள். முரளியின் எதிரில் நின்று, சுற்றி வளைக்காமல், ஜானின் பேரை எடுக்காமல், என்ன நடந்தது என்று சொன்னாள். முரளி எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரு பிரௌசரில் மலரைத் திறந்தான். கொம்பும் குறியும் வந்தன. தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அந்த எக்ஸ்டென்ஷனை எல்லா மெஷின்லேர்ந்தும் எடுத்துடு" என்றான் கடைசியில். "இனிமே யாரும் அதைத் தொடக் கூடாது."

"எடுத்துட்டா நாளைக்கு மலர் இல்ல சார்" என்றாள் பவுன். "எந்தக் குறி எந்த எழுத்துன்னு அதுக்குத்தான் தெரியும். ஜான் புரோகிராம எழுத ஆரம்பிச்சா நாலு நாளாவும். இத வெச்சே மாத்திடலாம். பக்கத்தத் தொறந்தா மராட்டி வருதில்ல? அத அப்டியே காப்பி எடுத்து அடியில போட்டுட்டா முடிஞ்சிது. ஆளுக்கொரு பகுதி எடுத்துக்கலாம் சார்."

"மாத்தினது எது, மாத்தாதது எதுன்னு எப்படிம்மா தெரியும்? ரெண்டும் நம்ம திரையில ஒரே மாதிரிதானே இருக்கும்?" நியாயமான கேள்விதான்.

"ஒரு மணி நேரம் குடுங்க சார்."

முன் ரூமில் போய் உட்கார்ந்தாள். சொன்ன நேரத்துக்கு முன்பே எல்லோரையும் கூப்பிட்டாள். அவள் எக்ஸ்டென்ஷனில் ஒரே ஒரு மாற்றம். அடியில் பழைய எழுத்து இருந்தால், பக்கத்தின் தலையில் சிவப்பாக ஒரு பட்டை குறுக்கே ஓடும். நீ பார்ப்பதை ஊர் பார்க்கவில்லை என்று அதில் மராட்டியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. உண்மையாகவே மாற்றிவிட்ட பக்கத்தில் பட்டை வராது. மலரைத் திறந்தோம். ஒரு பக்கம் பாக்கியில்லாமல் சிவப்பு. ஜான் அதைப் பார்த்துவிட்டு, "நான்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுக் கவிதைகளை எடுத்துக்கொண்டான்.

முரளி கட்டுரைகளை எடுத்துக்கொண்டான். பவுன் கதைகளை. மராட்டி ஒரு எழுத்துகூடத் தெரியாத எனக்குச் சமையல் குறிப்பு. காப்பி எடுக்க பாஷை எதற்கு? ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு போகப் போக எனக்குக் குஷி வந்துவிட்டது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "ராத்திரிக்கு நீங்களே தோசை ஊத்திக்குங்க" என்று சொல்லிவிட்டேன். இருட்டுவதற்குள் பாதிக்கு மேல் முடிந்தது, மீதி ஞாயிறு காலையில். கடைசிப் பட்டை அனார்சே என்கிற மராட்டி அதிரசக் குறிப்பின் தலையிலிருந்துதான் போனது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

பவுன் சாயவில்லை. "நம்ம மெஷின்ல பாத்தது போதும்க்கா. இர்பான் கடைக்குப் போலாம்."

என் ஸ்கூட்டியில் இருவரும் கட்கிக்குப் போனோம். வழியில் கலியனையும் கூப்பிட்டாள், அவர் பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்தார். ஞாயிறு என்பதால் கஃபேயில் கூட்டம். இர்பான் ஒரு பையனை எழுப்பிவிட்டு இடம் கொடுத்தான். "இன்னிக்கி இன்னா எழுத்து பவுனு? அரபியா?" என்று கேலி செய்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முகவரியை அடித்துவிட்டு, இந்தத் தடவை திரையையும் பார்க்காமல் அப்பாவையும் பார்க்காமல், வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஒரு கையால் என் முந்தானையைப் பிடித்திருந்தாள். விடியற்காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

நான் திரையைப் பார்த்தேன். தலைக்கு மேல் கோடு இழுத்த மராட்டி எழுத்து, வரிசை வரிசையாக. எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் எழுத்து என்று தெரிந்தது. ஆனால் சரியாக இருக்கிறதா, உளறலா, அது கலியனுக்குத்தான் தெரியும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லா கீது என்று சொல்லவில்லை. கலர் ஜோர் என்று சொல்லவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. எனக்குப் பகீரென்றது. நேற்றாவது பாராட்டினார், இன்றைக்கு அதுகூட இல்லையே.

"என்னாச்சுக்கா?" என்றாள் பவுன் திரும்பாமலே.

"ஒண்ணுஞ்சொல்ல மாட்டேங்கறாரு புள்ள."

அதற்குள் முரளியின் போன். அவன் ஹாலிலிருந்து பேசினான். மேடையில் திரை கட்டிவிட்டார்களாம், சுமன்தாய் பட்டுப்புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாராம். "அப்பா பாத்துட்டாரா? என்ன சொல்றார்?" என்றான்.

நான் போனைக் காதிலிருந்து எடுத்துக் கலியன் பக்கம் நீட்டினேன். அவர் உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. பேப்பர் படிக்கிறவர்கள் வாய்க்குள் படிப்பார்களே, அந்த மாதிரி. ஒரு இடத்தில் க்ளுக் என்று சிரித்தார். மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துப் பக்கத்தைக் கீழே தள்ளப் பார்த்தார். இர்பான் வந்து தள்ளிவிட்டான். பிறகு அவர் சத்தமாகவே படிக்க ஆரம்பித்துவிட்டார். மராட்டிதான், எனக்கு அதில் ரயில் என்பதும் நாக்பூர் என்பதும் மட்டும் புரிந்தன. பவுன் மெதுவாகத் திரும்பினாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"கேக்குதுங்களா?" என்றேன் போனில்.

"கேக்குது." அப்புறம், "பவுனை நேரா ஹாலுக்கு வரச் சொல்லுங்க. மேடையில சைட்டைத் திறக்கற பட்டனை அவதான் அழுத்தணும்" என்றான். "நாளைலேர்ந்து அவ உள்ள உட்காரட்டும். அந்தப் பட்டையோட அவ எக்ஸ்டென்ஷன் எல்லா மெஷின்லயும் இருக்கணும். அது இல்லாம ஒரு சைட்டும் வெளிய போகாது, சொல்லிட்டேன்."

நான் அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் கேட்டாள், தலையாட்டினாள், என் முந்தானையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புதுப்புடவை அது. போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"எழுந்துரிப்பா. டைம் ஆச்சு. ஹாலுக்குப் போவணும்."

அவர் தோளை உதறி அவள் கையை விலக்கினார். கண் திரையிலேயே இருந்தது.

"இரும்மா. இந்தப் பொம்பள தனியா ரயில்ல ஏறிட்டா. நாக்பூர் போய் எறங்கட்டும்."